பில் அடியில "இன்று நீங்கள் சேமித்தது ரூ. 412"னு வருதே, அது நெஜமாவே சேமிப்புதானா?

பீளமேட்டுக்காரி எழுதியது:

வணக்கங்க. தனிக்குடித்தனம் வந்து மாச மளிகை இப்பதான் நானும் வீட்டுக்காரரும் சேந்து வாங்க ஆரம்பிச்சிருக்கோம், அதுக்கு முன்னாடி எல்லாம் அம்மா லிஸ்ட் எழுதி தெருமுனை கடைல குடுத்தா சாயங்காலம் பையன் சைக்கிள்ல கொண்டுவந்து போட்டுட்டு போவான், விலைய பத்தி யோசிச்சதே கிடையாது. இப்ப பக்கத்துல ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு போறோம் (பேர் வேண்டாம்), எத பாத்தாலும் மஞ்சக் கலர்ல ஆஃபர் சீட்டு தொங்குது. பில் போட்டு முடிச்சா அடியில கொட்டை எழுத்துல நாம சேமிச்சது 412ன்னு வருது. வீட்டுக்காரர் அத பாத்து குஷி ஆயிடறார். எனக்குத்தான் உறுத்துது, இவ்ளோ சேமிச்சும் மாசக் கடைசில கைல ஒண்ணையும் காணோமே.

அந்த 412 எதுல இருந்து கழிச்சு வருதுங்க? எம்ஆர்பில இருந்துன்னா அந்த எம்ஆர்பிய யார் போடறது, கவர்மென்டா? அப்பறம் துணி துவைக்கிற பவுடர் ஒண்ணு, ஷெல்ஃப்ல 199னு சீட்டு, பில்லுல 219, பாக்கெட்ல எம்ஆர்பி 235. கேட்டா "அது போன வார ஆஃபருங்க்கா, சீட்டு எடுக்க மறந்துட்டாங்க, எம்ஆர்பிக்கு கம்மியாதான போட்டிருக்கு"ன்னு கவுன்டர் பொண்ணு சொல்லிடுச்சு, பின்னாடி க்யூ நிக்குது, நானும் காச குடுத்துட்டு வந்துட்டேன். இது சரியா? இன்னொண்ணு, ஒரே சோப்பு ஒரே கடைல ரெண்டு எம்ஆர்பில இருக்கு, அது எப்படி. கடைசியா எம்ஆர்பி பக்கத்துலயே பொடி எழுத்துல யுஎஸ்பி 0.62ன்னு என்னமோ போட்டிருக்கான், எனக்கு தெரிஞ்ச யுஎஸ்பி பென் டிரைவ்தான்.

கல்லாப்பெட்டி எழுதியது:

தென்காசி பக்கம் சின்னதா ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் வச்சிருக்கேன், அதனால கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்லுதேன் தங்கச்சி.

எம்ஆர்பி கவர்மென்ட் போடுறது இல்ல, கம்பெனிக்காரன் போடுறது. கவர்மென்ட் சொல்றது, பாக்கெட் மேல எல்லா வரியும் சேத்து ஒரு உச்ச விலை அச்சடிக்கணும், அதுக்கு மேல ஒருத்தரும் விக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த உச்சம் எவ்வளவு உசரத்துல இருக்கலாம்னு மருந்து மாதிரி சிலத தவிர எதுக்கும் கட்டுப்பாடு கிடையாது. 1990 வாக்குலதான் இந்த முறை வந்துது. அதுக்கு முன்ன பாக்கெட்ல ஒரு விலைய போட்டு "உள்ளூர் வரிகள் தனி"ன்னு எழுதியிருப்பான், வரின்னு சொல்லி கடைக்காரன் என்ன சேத்தாலும் வாங்குறவனுக்கு தெரியாது. எங்க அப்பா கடை நடத்துன காலம் அது, பழைய ஆளுங்க கேட்டா சிரிப்பாங்க.

இப்ப உங்க 412க்கு வருவோம். கடைல ரெண்டு வகை சரக்கு இருக்கு. ஒண்ணு எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச சோப்பு, பிஸ்கட், டீத்தூள். இதுல என் அடக்கத்துக்கும் எம்ஆர்பிக்கும் நடுவுல இடம் ரொம்ப கம்மி, நூத்துக்கு எட்டு பத்து நின்னா பெருசு. இதுல எவனாவது அஞ்சு பர்சன்ட் குறைச்சு குடுத்தான்னா அவன் மார்ஜின்ல பாதிய உங்களுக்கு குடுக்கான்னு அர்த்தம், இல்ல கம்பெனி அவனுக்கு தனியா ஸ்கீம் குடுத்திருக்கு, ரெண்டுல எதுனாலும் உங்களுக்கு நெஜமான லாபம். ரெண்டாவது வகை பேர் தெரியாத பிராண்டு பேரீச்சம்பழம், முந்திரி, லன்ச் டப்பா, ஃப்ளாஸ்க், மிதியடி இந்த மாதிரி. இதுல எம்ஆர்பி 499ன்னு அடிச்சு எனக்கு 180க்கு குடுப்பான். நான் "50% ஆஃபர்"னு போர்டு மாட்டி 249க்கு வித்தா எனக்கு 69 நிக்கும், உங்க பில்லுல 250 ரூபா சேமிப்புன்னு அச்சடிக்கும். ரெண்டு பேருக்கும் சந்தோசம். ஆனா அந்த டப்பா 499க்கு எந்தக் கடைலயும் என்னைக்கும் வித்தது கிடையாது. அந்த பில்ல எடுத்து எந்த ஐட்டத்துல எவ்வளவு "சேமிப்பு"ன்னு பிரிச்சு பாருங்க, பாதிக்கு மேல இப்படி ரெண்டு மூணு ஐட்டத்துலதான் இருக்கும்.

199 சீட்டு விஷயம், ஆஃபர் எல்லாம் கம்ப்யூட்டர்ல தேதி போட்டு ஏத்தி வச்சிருப்பாங்க, ராத்திரி பன்னெண்டு மணியோட அது தானா முடிஞ்சிரும். ஷெல்ஃப்ல இருக்க காகிதம் தானா கீழ விழாதுல்ல, காலைல பையன் எடுக்கணும். எடுக்க மாட்டான். பெரிய கடைல ஆயிரக்கணக்கான சீட்டு இருக்கு, பத்து பையன் இருக்கான். வேணும்னே செய்றாங்களான்னு கேட்டா எல்லா இடத்துலயும் அப்படி இல்ல, ஆனா ஒண்ணு கவனிச்சேன், சீட்டு தப்பா இருந்தா அது எப்பவும் கடைக்கு சாதகமாத்தான் தப்பா இருக்கும் 🙂

ஒரே சோப்பு ரெண்டு எம்ஆர்பி, இது சகஜம். பழைய சரக்கு, புது சரக்கு. இதுல வாங்குறவங்க கவனிக்க வேண்டியது வேற. கம்பெனி விலைய மாத்தும்போது பல தடவ பார்கோட மாத்த மாட்டான். ஸ்கேன் பண்ணினா பில்லிங் ஸ்கிரீன்ல 38, 42ன்னு ரெண்டு விலை வந்து நிக்கும், கைல இருக்க பாக்கெட்ட திருப்பி பாத்து எது சரியோ அத எடுக்கணும். கூட்டத்துல பாக்காம என்டர் தட்டிருவாங்க, மேல இருக்கது விழுந்துரும். கைல 38 அச்சடிச்ச சோப்பு, பில்லுல 42ன்னா அது எம்ஆர்பிக்கு மேல வித்த கணக்கு. அத மட்டும் விடாதீங்க, க்யூ நின்னா நிக்கட்டும்.

யுஎஸ்பிய வேற யாராவது சொல்லுங்கப்பா, லோடு வந்திருச்சு.

நாலுமுனை நக்கல் எழுதியது:

//அதுக்கு மேல ஒருத்தரும் விக்கக் கூடாது//

அண்ணாச்சி இத பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்குற கடை வாசல்ல நின்னு ஒருவாட்டி சத்தமா சொல்லுங்க, நான் தூரமா நின்னு வீடியோ எடுக்கறேன்.

எடைக்கல் எழுதியது:

சட்டப் பக்கம் கொஞ்சம் சேக்கறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா நுகர்வோர் வழக்கு தீர்ப்புகள ஆர்வத்துல படிக்கற ஆள்.

பாக்கெட் சரக்குக்கு பொருந்துறது 2009 சட்டமுறை எடையளவு சட்டமும், அதுக்கு கீழ 2011ல வந்த பொட்டலப் பொருள் விதிகளும். அதுபடி விலைய குறைச்சா புது ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனா கம்பெனி அச்சடிச்ச பழைய எம்ஆர்பிய அது மறைக்கக் கூடாது. பழச மூடி மேல ஒரு ஸ்டிக்கர் இருந்தா நகத்தால சுரண்டி பாருங்க, நான் பாப்பேன். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைஞ்சப்ப நிறைய பாக்கெட்ல இப்படி ரெண்டு விலை இருந்துச்சு. அப்ப சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துச்சு, உடனே நம்மாளுங்க "13% குறையல, ஏமாத்தறான்"னு சண்டைக்கு போனாங்க. கணக்கு அப்படி இல்ல, வரி இல்லாம 100 ரூபா பொருள் முன்ன 118, இப்ப 105, எம்ஆர்பில பாத்தா குறையறது 11%தான். 5 ரூபா 10 ரூபா பாக்கெட்ல சில கம்பெனி விலைய தொடாம கிராம கூட்டுச்சு, அதுவும் நடந்துச்சு.

ஒரே பொருள ஏர்போர்ட்டுக்கு ஒரு எம்ஆர்பி, மாலுக்கு ஒரு எம்ஆர்பி, தெருக் கடைக்கு ஒரு எம்ஆர்பின்னு அச்சடிக்கறத 2018 ஜனவரி 1ல இருந்து தடை பண்ணிட்டாங்க. பழைய பேட்ச் புது பேட்ச் வேற விலைல இருக்கறது இதுல வராது, அண்ணாச்சி சொன்ன மாதிரி அது சகஜம். கூல்டிரிங்ஸ் வாங்கினா "கூலிங் சார்ஜ் ரெண்டு ரூபா"ன்னு கடைக்காரர் கேக்கறது எம்ஆர்பிக்கு மேலதான், தப்பு. ஆனா ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடும்போது தண்ணி பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல போடலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017 டிசம்பர்ல சொல்லிடுச்சு, அங்க நீங்க பாட்டில மட்டும் வாங்கல, இடம், பரிமாறல் எல்லாம் சேந்துதான்னு. எனக்கு அந்த தீர்ப்பு பிடிக்கல, ஆனா தீர்ப்பு தீர்ப்புதான்.

இன்னும் ரெண்டு விஷயம் அடிக்கடி மாட்டும். "40% தள்ளுபடி"ன்னு போர்டு, உள்ள போனா குறைச்ச விலை மேல வரி தனியா. எம்ஆர்பிக்குள்ள வரி ஏற்கனவே இருக்கு, தள்ளுபடி போக மீதி மேல திரும்ப வரி ஏத்தறது முறையற்ற வணிகம்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2017லயே சொல்லியிருக்கு. பை விஷயமும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லாம பணம் கட்டற இடத்துல வந்து பைக்கு காசு கேக்கறது தப்புன்னு 2020 டிசம்பர்ல அதே ஆணையம் சொன்னது. உள்ள நுழையற இடத்துலயே தெளிவா எழுதி வச்சிருந்தா அது வேற கதை, அதனாலதான் இப்ப எல்லாக் கடை வாசல்லயும் பை விலை ஒட்டியிருக்கான்.

உங்க 199 கேஸ்ல "எம்ஆர்பிக்கு கம்மிதான"ங்கற பதில் பாதிதான் சரி. எடையளவு சட்டத்துல மாட்ட மாட்டான், ஏன்னா பில்லுல போட்ட 219ங்கறது எம்ஆர்பி 235க்கு கீழதான். ஆனா ஒரு விலைய காட்டி இழுத்து வேற விலைக்கு விக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல முறையற்ற வணிகம்னு வாதாடலாம். இருபது ரூபாய்க்கு யாரும் கேஸ் போட போறதில்ல, ஷெல்ஃப் சீட்ட போன்ல ஒரு போட்டோ எடுத்து கவுன்டர்ல காட்டுங்க, பெரும்பாலும் மேனேஜர் வந்து 199க்கே போட்டுடுவார். முடியலன்னா 1915க்கு போன் பண்ணலாம், தேசிய நுகர்வோர் உதவி எண். எம்ஆர்பிக்கு மேல வித்தா, எடை குறைஞ்சா, தமிழ்நாட்டுல அதுக்கு பொறுப்பு தொழிலாளர் துறை, நிறைய பேர் உணவுத் துறைன்னு நெனச்சு அங்க போய் நிக்கறாங்க. நுகர்வோர் ஆணையத்துக்கே போறதா இருந்தா 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

கிராம் கணக்கு எழுதியது:

யாருமே யுஎஸ்பிய தொடலையே, இந்த மொத்தக் கேள்விலயும் அதுதான் உருப்படியான விஷயம். அது யூனிட் சேல் பிரைஸ், அதாவது யூனிட் விலை. ஒரு கிலோவுக்கு கம்மியான பாக்கெட்னா ஒரு கிராம் என்ன விலை, கிலோவுக்கு மேலன்னா ஒரு கிலோ என்ன விலை, அதே மாதிரி மில்லி, லிட்டர், எண்ணி விக்கற பொருள்னா ஒண்ணு என்ன விலை. முன்னாடி பிஸ்கட், எண்ணெய், டீத்தூள் எல்லாம் இன்ன இன்ன அளவுலதான் அடைக்கணும்னு ஒரு பட்டியல் இருந்துச்சு, 100 கிராம், 200 கிராம், அரை கிலோன்னு, அதனால ரெண்டு பிராண்ட பக்கத்துல வச்சு விலைய மட்டும் பாத்தா போதும். அந்தப் பட்டியல 2022ல எடுத்துட்டாங்க, இனி எவ்வளவு வேணா அடைச்சுக்கோ ஆனா யூனிட் விலைய போடுன்னு. அதுக்கப்பறம்தான் 87 கிராம் சோப்பு, 840 கிராம் எண்ணெய்னு வாயில நுழையாத எடை எல்லாம் வருது.

எண்ணெய்லதான் கண்ணு ரொம்ப ஏமாறும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் நிக்கும். ஒரு பவுச் 910 கிராம் 146 ரூபான்னு வச்சுக்கோங்க, பக்கத்துல இன்னொண்ணு 139 ரூபா, பாக்க அச்சு அசல் அதே சைஸ், ஆனா 840 கிராம். மொதல்ல இருக்கது கிலோ 160 சொச்சம், 139 ரூபாது கிலோ 165க்கு மேல. கம்மி விலைதான் கூட விலை. இதுல முன்னாடி இன்னொரு கூத்து நடந்துச்சு, 60 டிகிரி சூட்டுல ஒரு லிட்டர்னு எழுதுவாங்க. எண்ணெய் சூடானா பொங்கி இடத்த அடைக்கும், அந்த சூட்டுல அளந்த லிட்டர்ல எடை கம்மியாத்தான் இருக்கும். 2022 ஆகஸ்ட்ல மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலை எல்லாம் எழுதாத, லிட்டர் போட்டா எடையயும் சேத்து போடுன்னு சொல்லி கம்பெனிகளுக்கு 2023 ஜனவரி 15 வரை டைம் குடுத்துச்சு. அதனால எண்ணெய்ல லிட்டர மறந்துட்டு கிராம மட்டும் பாருங்க.

அரிசிலயும் ஒரு வேடிக்கை இருக்கு. கடைல 26 கிலோ மூட்டைன்னு விக்கறாங்களே, யாருக்காவது ஏன்னு தோணிச்சா? 2022 ஜூலை 18ல இருந்து 25 கிலோ வரைக்கும் அடைச்சு லேபிள் ஒட்டின அரிசிக்கு 5% ஜிஎஸ்டி. 25ஐ தாண்டினா அது பொட்டலப் பொருள் விதிலயே வராது, வரியும் இல்ல. மில்காரங்க ஒரு கிலோவ கூட போட்டு 26 ஆக்கிட்டாங்க. 26 கிலோ 1,500 ரூபான்னா கிலோ 57 ரூபா 70 காசு, அதே அரிசி 10 கிலோ பை 620ன்னா கிலோ 62. ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு 26 கிலோ வாங்கி வண்டு வந்தா அந்த நாலு ரூபா எங்க போச்சுன்னு கேக்காதீங்க, அத உங்க சமையலறைய பாத்து முடிவு பண்ணுங்க.

பீளமேட்டுக்காரி எழுதியது:

அடேங்கப்பா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பில்ல எடுத்து பிரிச்சு பாத்தேன், அண்ணா சொன்னது அப்படியே இருக்கு. 412ல 170 ஒரு லன்ச் டப்பாவுல, 96 பேரீச்சம்பழத்துல. பருப்பு, எண்ணெய், சோப்பு, டீத்தூள்னு மாசா மாசம் வாங்கற அத்தனைலயும் சேத்து மிச்சம் 146. அப்பறம் ஒரு டூத் பேஸ்ட் காம்போ, 150 கிராம் ரெண்டு, "40 ரூபா சேமிப்பு"ன்னு வட்டம் போட்டு 198. பக்கத்துலயே அதே பேஸ்ட் தனியா 100 கிராம் 62. யுஎஸ்பிய பாத்தா காம்போ கிராம் 66 பைசா, சின்னது 62 பைசா! பெரிய பாக்கெட்தான் லாபம்னு அம்மா சொல்லி சொல்லி வளத்திருக்காங்க.

அதுசரி, ஆடித் தள்ளுபடி வருதே, துணிலயும் இப்படித்தானா? மாமியாருக்கு சேலை எடுக்கணும்.

உஸ்மான் ரோடு எழுதியது:

கேட்டீங்களே ஒரு கேள்வி. தி.நகர்ல ஜவுளிக்கடைல சேலை செக்‌ஷன்ல நின்ன ஆள் நான், இப்ப வேற வேலை.

மொதல்ல சோப்பையும் சேலையையும் ஒண்ணா வைக்காதீங்க. சோப்புக்கு விலை கம்பெனில அச்சாகி வருது, எந்தக் கடைக்கு போனாலும் அதே எம்ஆர்பி, அதனால ஒப்பிட்டு பாக்க ஒரு பிடி இருக்கு. சேலை நெசவு ஊர்ல இருந்து மொத்தமா வரும், டேக் அடிக்கறது பெரும்பாலும் கடைக்குள்ளயேதான். எவ்வளவு அடிக்கறதுங்கறது முதலாளி முடிவு. அதே சேலை அடுத்த கடைல வேற விலைல இருக்கும், பேரும் வேற வச்சிருப்பான், எத வச்சு ஒப்பிடுவீங்க. ஆடிக்குன்னே தனியா சரக்கு எறக்கறதும் உண்டு, அதுக்கு டேக் அடிக்கும்போதே தள்ளுபடிய மனசுல வச்சுதான் அடிப்பாங்க. ஆனா எல்லாம் பொய்னு சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு புது டிசைன் வர்றதுக்கு முன்னாடி பழைய ஸ்டாக்க காலி பண்ணியே ஆகணும், கல்யாண சீசனும் கிடையாது, அந்த ஸ்டாக்குல நல்ல சேலை நெஜமாவே அடக்கத்துக்கு கிட்ட வரும். அத கண்டுபிடிக்க ஒரே வழி, ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவ கடைக்கு போய் பிடிச்சத டேக்கோட போட்டோ எடுத்து வச்சுக்கறது. சேல்ஸ்மேன் மொறைப்பான், மொறைக்கட்டும்.

ஆஃபர் கணக்குல ஜனங்க மாட்டறது சிலது சொல்றேன். "50% + 20%"னா 70 இல்ல, ஆயிரம் ரூபா பாதி ஐநூறு, அதுல இருபது பர்சன்ட் போனா நானூறு, ஆக 60தான். "ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்", இலவசம் எப்பவும் இருக்கறதுலயே விலை கம்மியானது, 1,200, 1,200, 700ன்னு மூணு எடுத்தீங்கன்னா 3,100 ரூபா துணிக்கு 2,400 குடுக்கறீங்க, கிட்டத்தட்ட 23%. மூணுமே ஒரே விலைல எடுத்தாத்தான் 33 வரும், அதுக்கே நாங்க வேற வேற விலைல பக்கத்துல பக்கத்துல அடுக்கி வைப்போம். "50% வரை"ங்கறதுல அந்த "வரை" போர்டுல கொசு சைஸ்ல இருக்கும், 50% இருக்கற ரேக் ஒரு மூலைல, அதுல உங்களுக்கு பிடிச்ச கலர் இருக்காது. ஆனா எல்லாத்துக்கும் அப்பன் கிஃப்ட் வவுச்சர். 5,000க்கு வாங்கினா 1,000 ரூபா வவுச்சர்னு சொல்லுவான், 20%னு மனசு கணக்கு போட்டுக்கும். அந்த வவுச்சர் அடுத்த தடவ குறைஞ்சது 3,000க்கு வாங்கினாத்தான் செல்லும், அதுவும் முப்பது நாளுக்குள்ள, ஆஃபர் ஐட்டத்துக்கு செல்லாது. ஆக 8,000 ரூபா சரக்குக்கு 7,000 குடுக்கறீங்க, பன்னெண்டரை பர்சன்ட், அதுவும் ரெண்டாவது தடவ போகணும்னு உங்களுக்கு உண்மையிலேயே தேவை இருந்தா.

மாமியாருக்கு கைத்தறின்னா கோ-ஆப்டெக்ஸ் போய் பாருங்க, தீபாவளி சமயத்துல 30% தள்ளுபடி குடுப்பாங்க. டிசைன் கொஞ்சம் பழசா இருக்கும்னு சொல்லுவாங்க, மாமியாருக்குத்தானே.

நாலுமுனை நக்கல் எழுதியது:

"மாமியாருக்குத்தானே" 😂 இந்த லிங்க அந்த அம்மா கண்ணுல காட்டிடாதீங்க.

சும்மா இல்ல, நானும் ஒரு தகவல் குடுக்கறேன், ஸ்டேஷன்ல ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர்ல 15ல இருந்து 14 ஆச்சு. பாட்டில்ல இருக்கற விலைய படிச்சுக்காட்டினா நீட்டின இருபதுல மிச்சம் தானா வரும், சில்லறை இல்லன்னு சாக்லேட் நீட்டினா வாங்காதீங்க.

மாத்திரை டப்பா எழுதியது:

மருந்த ஒருத்தரும் சொல்லலையே. வீட்டுல சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடற பெரியவங்க இருக்கறவங்களுக்கு மளிகைல 412 மிச்சம் பிடிக்கறத விட இதுலதான் காசு. அத்தியாவசிய மருந்து பட்டியல்ல இருக்கறதுக்கு மத்திய ஆணையம் உச்ச விலை வைக்குது, மத்ததுக்கு வருஷத்துக்கு 10%க்கு மேல ஏத்தக் கூடாதுன்னு 2013 மருந்து விலை ஆணை இருக்கு, ஆனா மொதல் தடவ எவ்வளவு போடறான்ங்கறது அவன் இஷ்டம். அதனால அதே மருந்து அதே மில்லிகிராம் ஒரு பிராண்டுல ஒரு அட்டை ஒரு விலை, இன்னொண்ணுல அதுல கால்வாசி. "எல்லா மருந்துக்கும் 20% தள்ளுபடி"ன்னு போர்டு வச்ச கடைல விலை கூடின பிராண்ட வாங்கறத விட, தள்ளுபடியே இல்லாம மக்கள் மருந்தகத்துலயோ, 2025 பிப்ரவரில ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயோ அதே மூலப்பொருள் பேர சொல்லி விசாரிச்சு பாருங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க, நீங்களா மாத்தாதீங்க.

சலிச்சவன் எழுதியது:

இதெல்லாம் படிச்சா தல சுத்துது. நாலு ரூபா அஞ்சு ரூபா மிச்சம் பிடிக்க கிராம் கணக்கு போட்டு கடைல ஒரு மணி நேரம் நிக்கணுமா? பெட்ரோல் செலவு என்ன ஆகறது. எந்தக் கடைல சர்க்கரை, எண்ணெய் விலை கம்மியோ அங்க போ, எல்லாத்தையும் அங்கயே வாங்கு, வீட்டுக்கு வா. முடிஞ்சுது.

கல்லாப்பெட்டி எழுதியது:

சலிச்சவன் தம்பி, நீங்க சொன்ன சர்க்கரையும் எண்ணெயும்தான் தூண்டில். ஜனங்களுக்கு மனப்பாடமா விலை தெரிஞ்ச சரக்கு பத்து பதினஞ்சுதான், சர்க்கரை, துவரம்பருப்பு, எண்ணெய், பால், முட்டை. பெரிய கடைக்காரன் அத அடக்கத்துக்கே போடுவான், சில நேரம் அதுக்கும் கீழ, நானே அவன்ட்ட போய் சர்க்கரை வாங்கி என் கடைல வச்சு வித்திருக்கேன்னா பாத்துக்கோங்க. கவனிச்சீங்கன்னா அது எப்பவும் கடையோட கடைசில இருக்கும், வாசல்ல இருக்காது, நடுவுல விலை மனப்பாடம் இல்லாத சரக்கு அத்தனையயும் தாண்டித்தான் போகணும். கடுகு, சீரகம், மிளகு, பாத்திரம் கழுவுற ஸ்க்ரப்பர், ஊதுபத்தி இதுக்கெல்லாம் விலை யாருக்கு ஞாபகம் இருக்கு, எங்களுக்கும் லாபம் அங்கதான். சர்க்கரைய அவன்ட்ட வாங்குங்க, கடுகு சீரகத்துக்கு தெருமுனை கடைக்கு வாங்க, எங்களுக்கும் பொழப்பு ஓடணும்ல.

ஒரு மணி நேரம் எல்லாம் வேண்டாம். மாசா மாசம் வாங்குறது முப்பது நாப்பது ஐட்டம்தான், ஒரே ஒரு மாசம் பில்ல பத்திரமா வச்சுக்கிட்டா அடுத்த மாசம் எது ஏறிச்சு, எது கிராம் குறைஞ்சுதுன்னு தெரிஞ்சுரும்.

பீளமேட்டுக்காரி எழுதியது:

அண்ணா கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இன்னிக்கு போனப்ப ஒரு கூடைல எல்லாத்தையும் கொட்டி "பாதி விலை"ன்னு வச்சிருந்தாங்க, பாத்தா எக்ஸ்பயரிக்கு இன்னும் மூணு வாரம், ஒரு மாசம்தான் இருக்கு. அது வாங்கலாமா, இல்ல அதுலயும் ஏதாவது இருக்கா? (பவுடருக்கு மிச்சம் 20 ரூபா குடுத்துட்டாங்க, ஷெல்ஃப்ல அந்த 199 சீட்டு இன்னும் அப்படியே இருந்துச்சு, போட்டோ எடுத்து காட்டினேன்.)

கல்லாப்பெட்டி எழுதியது:

தாராளமா வாங்கலாம், இந்த ஆஃபர்ல கடைக்காரன் நெஜமாவே நஷ்டத்துக்கு விக்கான். எல்லா கம்பெனியும் தேதி முடிஞ்ச சரக்க திருப்பி எடுக்க மாட்டான், கிடந்தா குப்பைக்குத்தான் போகும், அதான் பாதி விலை. ஆனா என்ன பொருள்னு பாருங்க. பாத்திர சோப்பு, ஷாம்பு, ஃபினாயில் கண்ண மூடிட்டு எடுங்க. நூடுல்ஸ், பிஸ்கட், ஜாம் அந்த மூணு வாரத்துக்குள்ள தின்னு தீக்க முடியும்னா எடுங்க. கோதுமை மாவு, ரவை, கடலை மாவு வேண்டாம், தேதி இருந்தாலும் எங்க ஊர் வெக்கைல வண்டு தேதி பாக்காது. மசாலா பொடி கெட்டுப் போகாது, வாசனைதான் போயிருக்கும், ரெண்டு ஸ்பூன் போடுற இடத்துல மூணு போடுவீங்க. முந்திரி, வேர்க்கடலைன்னா பாக்கெட்ட திருப்பி உள்ள எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாருங்க, கசிஞ்சிருந்தா காறல் அடிக்கும். அப்பறம் தேதி மேலயே விலை ஸ்டிக்கர ஒட்டியிருந்தா உரிச்சு பாக்காம கூடைல போடாதீங்க.